வர வேண்டியது வரவில்லை

அது வாழை இலைக்கட்டு சார், கால் படாம நகத்தி வச்சுக்கறேன். நீங்க தாராளமா உக்காருங்க. மாயவரம் வரைக்கும் போறீங்களா? நான் அதுக்கு முன்னாடியே எறங்கிடுவேன். கோயில்தோப்புன்னு ஒரு ஸ்டாப். ஸ்டாப்புன்னா ஒரு அரசமரமும் ஒரு டீக்கடையும்தான், டிரைவர் மனசு வச்சாத்தான் வண்டி நிக்கும். அங்க ஒரு முதியோர் இல்லம் இருக்கு. அங்கேருந்து ஒரு பொருளை இன்னைக்கு வாங்கியாகணும். இன்னைக்கு விட்டா கையை விட்டுப் போயிடும். அதுக்கு உங்ககிட்ட ஒரு ஒத்தாசை கேக்கலாம்னு நினைக்கிறேன். உங்களுக்கும் என் வயசுதான் இருக்கும் போல. கேக்கறேன், அதுக்கு முன்னாடி விஷயத்தைச் சொல்லிடறேன்.

இந்த அட்டையப் பாக்கறீங்களா? ஆமா, ஐடி கார்டுதான். பேரு தியாகேசன். போட்டோ பழசு, அப்ப முடி இருந்துச்சு. கம்ப்யூட்டர் வேலை சார். இந்த வயசுல கம்ப்யூட்டரான்னு எல்லாரும்தான் சிரிக்கறாங்க. நான் புரோக்ராம் எழுதற ஆளில்லை. மெஷினுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கற ஆளு.

எப்படின்னா, உங்க பேங்க் கணக்குலேருந்து பணம் போகுது இல்லையா. போனை நீட்டி டீக்கு காசு குடுக்கறீங்க, கரண்ட் பில் கட்டறீங்க, சீட்டுப் பணம் போகுது. இதுல எது ஒரே தடவை போனது, எது திரும்பத் திரும்பப் போறதுன்னு மெஷின் தானாக் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சு, 'ஐயா, அடுத்த வாரம் இன்ன செலவு வரப்போகுது, இருக்கட்டுமா, நிறுத்திடலாமா'ன்னு உங்க போன்ல கேக்கணும். மெஷின் பிறக்கும்போதே இதைத் தெரிஞ்சுக்கிட்டு வராது. லட்சக்கணக்கான கணக்கு வரியை மனுஷங்க பாத்து, இது திரும்ப வரும், இது வராதுன்னு அடையாளம் போட்டுக் காட்டணும். அதைப் பாத்துப் பாத்துத்தான் அது கத்துக்கும். பெங்களூர்க் கம்பெனி ஒண்ணு கும்பகோணத்துல மாடி எடுத்து இந்த வேலையைப் பண்ணிச்சு. ஆள் பேரு, கணக்கு நம்பர் எல்லாம் அழிச்சிட்டுத்தான் எங்களுக்குத் தருவாங்க. எந்தக் கடைக்குப் போச்சு, எவ்வளவு போச்சு, எந்தத் தேதி, அவ்வளவுதான் தெரியும். நாப்பது பொம்பளைங்க அடையாளம் போடுவாங்க. போட்டது சரியான்னு பாக்கறது நான்.

அவங்களோட எனக்குத் தினம் மல்லுக்கட்டுதான். மேலேருந்து எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு. திரும்ப வர்ற செலவுன்னா ஏறக்குறைய அதே தேதியில வரணும். தேதி முன்ன பின்ன ஓடிச்சுன்னா அது தற்செயல். இவங்க என்ன பண்ணுவாங்கன்னா, ஒரு ஒர்க்‌ஷாப்காரன் காய்கறிக் கடையில கொஞ்சம் காசு குடுத்திருப்பான், ஒரு மாசம் நாலாந்தேதி, அடுத்த மாசம் ரெண்டாந்தேதி, அப்புறம் ஒண்ணாந்தேதி. 'திரும்ப வரும்'னு போட்டுடுவாங்க. ஏம்மான்னு கேட்டா, 'அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைக்கிறான் சார்'ம்பாங்க. பூக்கடைச் செலவு ஓடிச்சுன்னா கிருத்திகைம்பாங்க. கும்பகோணத்துப் பொம்பளைங்க கையில பணக்கணக்கைக் குடுத்தா அதுலயே பஞ்சாங்கம் படிச்சுடுவாங்க. பெங்களூர்ல இதை ஒப்புக்குவானா? நான் ஒண்ணொண்ணா மாத்துவேன். அப்படியும் கொஞ்சம் நழுவிப் போயிடும்.

எனக்குப் பஞ்சாங்கம் தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி வீட்டுலயே கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டுக் குடுத்துக்கிட்டிருந்தேன். தேதியைச் சொன்னா திதியைச் சொல்லுவேன். அதனாலதான் இவ்வளவு வினையும்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வச்சிருந்தான். மஞ்சக்காமாலை வந்துச்சு. கீழாநெல்லியை அரைச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தோம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ஆடி மாசம் தேய்பிறை தசமி. பிள்ளை குட்டி கிடையாது, அண்ணி மட்டும்தான். பூங்கோதைன்னு பேரு. தலைத்திவசம் நான்தான் பண்ணினேன். படையல்ல புது வேட்டி வச்சுக் கும்பிட்டு, அதை வீட்டு ஆம்பளை கட்டிக்கிறது வழக்கம் இல்லையா? அண்ணியே கடைக்குப் போய் வாங்கிட்டு வந்து, கும்பிட்டு என் கையில குடுத்தாங்க. பச்சைக்கரை. அண்ணன் பச்சைக்கரைதான் கட்டுவான். கட்டிக்கிட்டேன்.

கொஞ்ச நாள்ல அவங்க கிளம்பிட்டாங்க. கேட்டுக்குங்க சார், நாங்க யாரும் போகச் சொல்லலை. வீடு சின்னது. என் சம்சாரத்துக்கும் அவங்களுக்கும் ஒத்துக்கலை. அண்ணன் ரூம்ல கம்ப்யூட்டர் போட வேண்டியிருந்துச்சு. அதனால அவங்க பெட்டியை எடுத்து வராந்தாவுல வச்சேன். வச்சேன், அவ்வளவுதான். அவங்களாத்தான் அதை எடுத்துக்கிட்டுப் போனாங்க. வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே ஒண்ணு சொன்னாங்க. "அவரு திதியை மட்டும் விட்டுடாதீங்க தம்பி. உங்களை விட்டா அவருக்கு யாரு?" சரி அண்ணின்னேன்.

விட்டுடலை. தை அமாவாசைக்கு எல்லாருக்கும் சேத்து எள்ளும் தண்ணியும் விட்டுடறேன். எல்லாருக்கும் போய்ச் சேரும்னு ஐயரே சொன்னாரு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா லீவு போட முடியுமா? அம்மாவுக்கு மட்டும் தனியாப் பண்றேன், அது வேற.

அப்புறம் கம்பெனியில, வீட்டுலேருந்தே பாருங்கன்னுட்டாங்க. அண்ணன் ரூம்லதான் உக்காந்து பாப்பேன். ஒரு நாள் ஒரு கணக்கு வந்துச்சு. பல வருஷத்துக் கணக்கு, ஒண்ணா அடுக்கி வந்துச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு முதியோர் இல்லத்துக்குப் பணம் போயிருக்கு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான தொகை. தேதி ஒவ்வொரு வருஷமும் வேற. ஒரு வருஷம் ஜூலைக் கடைசி, ஒரு வருஷம் ஆகஸ்ட் நடுவுல. அடையாளம் போட்ட பொண்ணு 'திரும்ப வரும்'னு போட்டிருந்தா. சட்டப்படி தப்பு. மாத்தப் போனேன். கை போகலை. ஏன்னா தேதியைப் பாத்ததும் என் மனசு தானாத் திதியைப் போட்டுடுச்சு. தசமி. அடுத்த வருஷம், தசமி. அதுக்கடுத்ததும் ஆடி மாசத் தேய்பிறைத் தசமி.

எழுந்து போய் ரூம் ஜன்னலைத் திறந்து வச்சேன் சார். அண்ணி கணக்கு. வேற யாரு அந்த நாளை வச்சுக்கிட்டிருப்பா? பொம்பளை திதி குடுக்க முடியாது, அதனால சோறு போடறா. என்னைக் குத்திக் காட்டறதுக்குன்னே போடறாங்கன்னு எனக்குக் கோபம்தான் முதல்ல வந்துச்சு.

ஆபீஸ்ல மங்கையர்க்கரசின்னு ஒருத்தங்க இருந்தாங்க, எங்க டீம்லயே மூத்தவங்க. அவங்களுக்குப் போன் பண்ணி விஷயத்தை மேலாப்புல சொன்னேன். அவங்க கேட்டுட்டு, "அன்னிக்குப் போனவங்க ஊருல எத்தனையோ பேர் இருப்பாங்க சார். உங்க அண்ணன் ஒருத்தருதானா?" அப்படின்னாங்க. நியாயமான பேச்சு. ஆனா எனக்கு ஏறலை. இல்லம்மா, இது எங்க அண்ணிதான்னு அடிச்சுச் சொன்னேன்.

அப்பதான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. அதே கணக்குல, ஒவ்வொரு வருஷமும் அதுக்கு முந்தின நாள், ஒரு கடைக்குப் பணம் போயிருக்கு. வேட்டிக்கடை. வேட்டி மட்டுமே விக்கற கடை சார், பேர்லயே வேட்டி இருக்கு. ஒரு வேட்டி விலைதான். தாலியறுத்தவ வருஷா வருஷம் யாருக்கு வேட்டி எடுக்கறா? எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. ஓகோ, இன்னொருத்தன் வந்துட்டானா, அவனுக்கு வேட்டி எடுத்துக் குடுத்துட்டு மறுநாள் என் அண்ணன் பேர்ல சோறு போடறாளான்னு தோணிச்சு. சம்சாரத்துகிட்டச் சொன்னேன். எனக்கு அப்பவே தெரியும்னா அவ.

மாத்திட்டேன். 'திரும்ப வராது'ன்னு போட்டேன். சட்டம் சட்டம்தானே. ஒரு விதத்துல பாத்தா அவங்களுக்கு நல்லதுதான் செஞ்சேன். 'திரும்ப வரும்'னு விட்டிருந்தா, இதை நிறுத்திடலாமான்னு மெஷின் அவங்களைக் கேட்டிருக்கும் இல்லையா? கேக்காம காப்பாத்தினேன். அதை யாரும் நினைச்சுப் பாக்க மாட்டாங்க.

அடுத்து வந்ததுதான் சார் என்னைத் தூங்க விடலை. மெஷின் ஓரளவு கத்துக்கிட்டதும், அதுவே அடையாளம் போட்டு எங்களுக்கு அனுப்ப ஆரம்பிச்சுது. நாங்க சரி பாக்கணும். அந்தக் கணக்கு மறுபடி வந்துச்சு. நான் வராதுன்னு போட்ட அதே வரிக்கு, மெஷின் 'திரும்ப வரும்'னு போட்டிருக்கு. பக்கத்துல தேதியும் போட்டிருக்கு, இந்த நாள்ல வரும்னு. பஞ்சாங்கத்தை எடுத்துப் பாத்தேன். தசமி.

அதுக்கு ஆடி தெரியாது, அமாவாசை தெரியாது, செத்தவங்க இருந்தவங்க தெரியாது. என் கையில நழுவிப் போன அந்தப் பொம்பளைங்களோட பூசணிக்காயும் பூவும்தான் அதுக்குக் கத்துக் குடுத்திருக்கு. அதுங்களோட இடைவெளியப் பாத்துப் பாத்து நிலாவை எண்ணக் கத்துக்கிச்சு. புரியுது. புத்திக்குப் புரியுது. ஆனா அண்ணன் கட்டில் கிடந்த இடத்துல உக்காந்துக்கிட்டு, அவன் நாளை ஒரு மெஷின் எனக்கு ஞாபகப்படுத்தறதைப் பாத்தா எப்படி இருக்கும் சொல்லுங்க. நான் இன்னொரு தடவை மாத்தினேன். அடுத்த தடவையும் அது அப்படியே வந்து நின்னுச்சு. சொன்ன பேச்சைக் கேக்காத மெஷின்.

அந்தத் தசமியும் வந்துச்சு. மெஷின் சொன்னது பலிக்குதான்னு பாக்க, புதுசாப் போற பணமும் எங்களுக்கு வரும்; சும்மா ஒரு பார்வை பாக்கலாம்னு திறந்தேன். பணம் போகலை. மறுநாளும் போகலை. முந்தின நாள் வேட்டிக்கடைக்கும் போகலை. அந்த வரி சிவப்பா மாறிடுச்சு. கீழ சின்ன எழுத்துல ஒரு வாசகம்: வர வேண்டியது வரவில்லை. கம்பெனிக்காரன் எல்லாக் கணக்குக்கும் பொதுவா வச்ச வாசகம்தான். பால் பாக்கிக்கும் அதுதான், டிவி கட்டணத்துக்கும் அதுதான். ஆனா தினம் காலையில கம்ப்யூட்டரைத் திறந்தா முதல்ல அது நிக்குது. வர வேண்டியது வரவில்லை. கண்ணை மூடினாலும் நிக்குது. யாரு வரலைன்னு கேக்குதுன்னு எனக்குத் தோண ஆரம்பிச்சுடுச்சு. பயமாத்தான் இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு.

சரி, வேலைன்னு வந்துட்டா சரிபாத்துடணும்னு இந்த இல்லத்துக்குக் கிளம்பி வந்தேன். இதே பஸ்தான். அங்க பாத்துக்கறவங்க லூர்தம்மா, நல்ல மாதிரி. வருஷா வருஷம் ஆடியில ஒரு சாப்பாடு போடறவங்க யாருன்னு கேட்டேன். அந்தம்மா எழுந்து நின்னுட்டாங்க.

அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன். அந்தப் பணம் அனுப்பினவங்க மாயவரத்துல ஒரு ஹாஸ்டல்ல சமையல் வேலை பாத்தவங்க. தனி ஆளு. முடியாமப் போனதும் அந்த இல்லத்துலயே வந்து சேந்துட்டாங்க. பங்குனியில தவறிட்டாங்க. ஆமா சார், பூங்கோதைன்னுதான் பேரு சொன்னாங்க. வரும்போது ரெண்டு பை. ஒண்ணுல அவங்க புடவை. இன்னொண்ணு நிறைய வேட்டி. எல்லாம் பச்சைக்கரை, மடிப்புப் பிரிக்காதது. ஒவ்வொரு ஆடிக்கும் ஒண்ணு எடுத்து, அவரு பேரைச் சொல்லிக் கும்பிட்டு, கட்டிக்க வேண்டியவர் வருவாருன்னு எடுத்து வச்சிருக்காங்க.

லூர்தம்மா என்னையே பாத்துக்கிட்டு, "எங்க தம்பி வருவாரு, நாளை மறக்க மாட்டாரு, வந்தா இந்தப் பையைக் குடுத்துடுங்கன்னு சொல்லிட்டே இருப்பாங்க. அந்தத் தம்பி நீங்களா?" அப்படின்னு கேட்டாங்க.

நான் இந்த அட்டையை எடுத்துக் காமிச்சேன். "இல்லம்மா. நான் கம்பெனியிலேருந்து வர்றேன். கணக்கு சரிபாக்க வந்தேன்" அப்படின்னேன்.

அதுல பொய் என்ன இருக்கு? கம்பெனி வேலையாத்தானே போனேன். அதுவுமில்லாம பூங்கோதைங்கற பேரு ஊருல ஒருத்தருக்குத்தானா இருக்கு? பச்சைக்கரை வேட்டி ஊருக்கே பொது. மங்கையர்க்கரசி சொன்னதுதான் சரி, அன்னிக்குப் போனவங்க எத்தனையோ பேரு. இது வேற யாரோ ஒரு பூங்கோதைன்னு வீட்டுக்குப் போய்ச் சம்சாரத்துகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அவ எழுந்து உள்ள போய்ட்டா.

அன்னிக்கு வந்த வேகத்துல ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிட்டு வந்தேன். வரிசை அறுந்து போகக் கூடாது பாருங்க, கணக்கு தப்பாயிடும். அதுலேருந்து வருஷா வருஷம் தசமிக்கு வர்றேன். இலை மட்டும் நம்ம கொல்லையிலேருந்து அறுத்துட்டு வந்துடுவேன். பந்தியில நானே இலை போடுவேன். கரும்பலகையில 'இன்றைய உணவு, கம்பெனி உபயம்'னு எழுதி வைக்கறாங்க. கம்பெனி எங்க இருக்கு? அதை மூடி எவ்வளவோ நாளாச்சு. மெஷின் முழுசாக் கத்துக்கிச்சு, இனிமே நாங்க எதுக்கு? இந்த அட்டை இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்தான் சார் கழுத்துல ஏறும்.

இன்னைக்குக் காலையில என் போன்ல ஒரு மணி அடிச்சுது. என் பேங்க்ல அந்த மெஷினைத்தான் வச்சிருக்காங்க போல. 'இந்தச் செலவு வருஷா வருஷம் வருகிறது, இன்று வரக்கூடும், நிறுத்த விரும்புகிறீர்களா'ன்னு கேக்குது. பாருங்க, இன்னும் அப்படியே இருக்கு. ஆமான்னும் அமுக்கலை, இல்லைன்னும் அமுக்கலை. நான் வளத்த கடா, என் மார்புலயே பாயுது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். லூர்தம்மா போன வாரம் பேசினாங்க. கம்பெனிக்காரர்தானே, தகவலுக்குச் சொல்றேன்னு சொன்னாங்க. பீரோவைக் காலி பண்றாங்களாம். அந்தத் தம்பி இந்தத் திதிக்கும் வரலைன்னா, அந்த வேட்டிகளை அங்க இருக்கற பெரியவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துடப் போறாங்களாம். நல்ல காரியம்தான். துணி வீணாகக் கூடாது. நானும் ஆமாம்மா, குடுத்துடுங்கன்னுட்டேன். சொல்லிட்டு வச்சதுலேருந்து எனக்குச் சோறு எறங்கலை.

அதனால சார், நீங்க கோயில்தோப்புல என்கூட எறங்கி ஒரு அரை மணி நேரம் வந்தாப் போதும். அடுத்த பஸ்ல மாயவரம் போயிடலாம், டிக்கெட் நான் எடுத்துடறேன். உள்ள வந்து, நான்தான் பூங்கோதையோட கொழுந்தன்னு ஒரு வார்த்தை சொல்லணும். வேற ஒண்ணும் பேச வேண்டாம். நான் பக்கத்துல நின்னு, ஆமாம்மா, இவரை எனக்குத் தெரியும்னு சொல்லிடறேன். பையை வாங்கி என்கிட்டக் குடுத்துடுங்க. சாப்பிட்டுப் போகலாம், வடை பாயசத்தோடதான் போடச் சொல்லியிருக்கேன்.

நானே சொன்னா என்னன்னு கேக்கறீங்க. கேப்பீங்கன்னு தெரியும். போன வருஷம் சொல்லிடலாம்னுதான் போனேன். அந்தம்மா எதிர்ல போய் நின்னேன். வாயைத் திறந்தா கம்பெனின்னுதான் வருது.

அவரு பேரா? எந்தப் பேரு, அண்ணன் பேரா? ஆமா, அதை லூர்தம்மா கேப்பாங்க, நீங்க தெரிஞ்சு வச்சுக்கணும். அவன் பேரு வைத்தியநாதன். வைத்தின்னு கூப்பிடுவோம். நான் வைத்திண்ணேன்னு கூப்பிடுவேன். சைக்கிள் பார்ல உக்கார வச்சு என்னை ஸ்கூலுக்குக் கொண்டு விடுவான். அதெல்லாம் அவங்க கேக்க மாட்டாங்க. பேரு மட்டும் போதும். வைத்தியநாதன். ரொம்ப நாளாச்சு சார் இந்தப் பேரை வாயால சொல்லி.

அரசமரம் தெரியுது பாருங்க. கண்டக்டர், ஆள் எறங்கணும்.

என்ன சார், எந்திரிக்க மாட்டேங்கறீங்க? முடியாதா? சரி. பரவாயில்லை, தப்பா நினைச்சுக்கலை. யாருக்கும் தயக்கமாத்தான் இருக்கும். அந்த இலைக்கட்டை மட்டும் எடுத்துக் குடுங்க. நானே போய்ப் பாக்கறேன். பூங்கோதையோட கொழுந்தன். அவ்வளவுதானே, வாயில வருதான்னு பாப்போம். வராமப் போனா, பச்சைக்கரை வேட்டியைக் கட்டிக்கிட்டு யாராவது ஒரு பெரியவர் பந்தியில வந்து உக்காருவாரு. நான் குனிஞ்சு அவருக்கு இலை போடுவேன்.